நாலு வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். வழி தெரிந்தவர்கள் பேசுங்கள்

அச்சகத்தான் | ஜூன் 3, இரவு 11.50

வணக்கம். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஐந்தாவது மாடி வராந்தாவில் இருக்கிறேன். உள்ளே என் மகன் தூங்குகிறான். நாலு வயது. நேற்று இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். இன்று சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய், பி செல் வகை என்று சொன்னார். அதற்கப்புறம் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

மே மாதம் முழுக்க கால் வலிக்குது, தூக்குப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நிற்காமல் ஓடுகிற பிள்ளை அவன். தெருமுனை கிளினிக்கில் காட்டினேன். வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும் என்றார்கள். காய்ச்சல் வந்து வந்து போனது. ஒரு ஊசி போட்டார்கள், இரண்டு நாள் நன்றாக ஓடினான், திரும்பவும் படுத்துவிட்டான். அந்த ஊசி ஸ்டீராய்டா என்பதுதான் இங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தெரியாது. சீட்டில் ஊசியின் பெயரே எழுதவில்லை.

ஹீமோகுளோபின் 5.8, பிளேட்லெட் 18,000, வெள்ளணு 31,000. நாளைக் காலையில் மருந்து ஆரம்பிக்கிறார்கள்.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். பிழைப்பானா? பணத்துக்கு என்ன வழி? மூன்றாவது என் மகளைப் பற்றி. எட்டு வயது, அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். தம்பிக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அந்த நோயின் பேரை வீட்டில் யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுதான் சரியா?

வேலூர் அக்கா | ஜூன் 4, காலை 5.35

தம்பி, என் மகளுக்கு இதே நோய், இதே வகை. அப்போது மூன்றரை வயது. மருந்து முடிந்து ஆறு வருஷம் ஆகிறது, இந்த வருஷம் ஏழாம் வகுப்பு போகிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படியுங்கள்.

டாக்டர்கள் முதலில் பார்ப்பது வயதையும் வெள்ளணுவையும். ஒன்றிலிருந்து பத்து வயதுக்குள், வெள்ளணு 50,000-க்குக் கீழே என்றால் அது ஒரு நல்ல தொடக்கம். உங்கள் பையனுக்கு இரண்டும் இருக்கிறது. மரபணுப் பரிசோதனை வர வேண்டும், எட்டாம் நாள் ரத்தத்தில் கெட்ட செல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், முதல் ஐந்து வாரம் முடிந்ததும் மஜ்ஜையை மறுபடி எடுத்து, மிச்சம் ஒளிந்திருக்கிற கெட்ட செல்லைத் தேடுகிற எம்.ஆர்.டி. பரிசோதனை பார்ப்பார்கள். இவ்வளவும் வந்த பிறகுதான் முழுப் படம் தெரியும். அதற்கு முன்னால் யாரிடமும் சதவீதம் கேட்காதீர்கள், ராத்திரி உட்கார்ந்து யூடியூப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். அந்த ஒரு வாரத்தில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மொத்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம். பயந்துவிடாதீர்கள், அவ்வளவு நாளும் ஆஸ்பத்திரிவாசம் கிடையாது. முதல் ஏழெட்டு மாதம் கஷ்டம். அதற்கப்புறம் வீட்டில் மாத்திரை, மாதம் ஒருமுறை போய் வருவது. என் மகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே யுகேஜி போனாள்.

பணத்துக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் என்றால் கிடைக்கும், வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியை விட்டு அசையாதீர்கள், மச்சானையோ தம்பியையோ அனுப்புங்கள். ஆஸ்பத்திரியிலேயே அந்தத் திட்டத்துக்கு ஒரு கவுன்டர் இருக்கும், இன்றைக்கே போய் அங்கே இருப்பவரிடம் முகம் பழகிக்கொள்ளுங்கள். ரயிலில் போய் வருவதாக இருந்தால் சலுகைப் படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஸ்லீப்பரில் பிள்ளைக்கு முழுச் சலுகை, கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம்.

மகளைப் பற்றி இங்கே சொல்லத் தகுந்தவர்கள் வருவார்கள். எனக்கு ஒரே பிள்ளை.

வார்டு செவிலி | ஜூன் 4, காலை 9.10

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 22 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதிலும் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. நான் சொல்வது வார்டில் எல்லாப் பெற்றோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது.

காய்ச்சல். இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால் மணி பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். காலையில் பார்க்கலாம் என்பது கிடையாது. அவர்களைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். கீமோ போகிறபோது கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். நான் பார்த்த இழப்புகளில் பல நோயால் வந்தவை அல்ல. முதல் மாதத்தில் காய்ச்சலோடு வீட்டில் காத்திருந்ததால் வந்தவை.

அக்குளில் வைத்துப் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ எனிமாவோ எதுவும் கூடாது. புரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது வெளியே யாரும் இடுப்பிலோ தொடையிலோ ஊசி போட விடாதீர்கள்.

சாப்பாடு எப்போதும் சுடச்சுட, வீட்டுச் சமையல். கொதித்து ஆறிய தண்ணீர். பச்சடி, வெளிச் சட்னி, வெட்டி வைத்த பழம் வேண்டாம். வாழைப்பழம் மாதிரித் தோலை உரித்துத் தின்கிற பழம் கொடுக்கலாம். அவன் தட்டு, தம்ளர், ஸ்பூன் தனியாக. எச்சில் பண்டம் யாரும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. வின்கிரிஸ்டின் என்ற மருந்து வாரம் ஒருமுறை ரத்தக்குழாயில் ஏறும். அது நரம்பைக் கொஞ்சம் பிடிக்கும்: மலச்சிக்கல், தாடை வலி, கால் வலி. மலம் இறுகாமல் இருக்க மருந்து தருவார்கள், அதை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

அச்சகத்தான் | ஜூன் 5, இரவு 10.20

அக்கா, சிஸ்டர், இரண்டு பேருக்கும் நன்றி என்ற வார்த்தை போதாது. மச்சான் நாளைக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் போகிறான்.

நேற்று மருந்து ஆரம்பித்தது. முதலில் நிறைய டிரிப்ஸ் ஏற்றினார்கள். கெட்ட செல்கள் ஒரேயடியாகச் சாகும்போது அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும், அதனால் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு முறை மூத்திரம் போகும்போதும் அளந்து எழுத வேண்டும். என் மனைவி அதை எழுதுகிறாள். எழுத ஆரம்பித்ததிலிருந்துதான் பேசவும் ஆரம்பித்தாள்.

அச்சகத்திலிருந்து தினசரிக் காலண்டர் ஒன்று கொண்டுவந்து கட்டில் கம்பியில் மாட்டியிருக்கிறேன். வீட்டில் தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அவன் வேலை, யாரையும் தொட விடமாட்டான். இங்கேயும் அப்படித்தான். கையில் ஊசி மாட்டிய பக்கம் அசையாமல், மறு கையால் கிழித்துக் கொடுத்தான். அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைய கவுன்ட், மருந்து, எத்தனை இட்லி சாப்பிட்டான் எல்லாம் எழுதி கிளிப்பில் வைக்கிறேன்.

நலம்நாடி | ஜூன் 6, காலை 6.00

தம்பிக்கு ஆறுதல். பிளேட்லெட் 18,000 என்று பார்த்தேன். எங்கள் தெருவில் டெங்கு வந்தபோது பப்பாளி இலைச் சாறு கொடுத்து மூன்றே நாளில் லட்சத்தைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தவன் நான். நிலவேம்புக் கஷாயமும் சேர்த்துக் கொடுங்கள். இங்கிலீஷ் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், நம் பச்சிலைகளை விட்டுவிடக் கூடாது.

வார்டு செவிலி | ஜூன் 6, காலை 8.45

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். டெங்குவில் பிளேட்லெட் சில நாள் சரிந்து, கிருமி அடங்கியதும் தானாகவே ஏறும், பெரும்பாலும் சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும். இங்கே பிளேட்லெட் உற்பத்தியாகிற மஜ்ஜையையே கெட்ட செல்கள் ஆக்கிரமித்திருக்கின்றன. அந்த இடம் காலியானால்தான் பிளேட்லெட் வரும். பச்சை இலையை அரைத்துக் கொடுத்தால் இலையில் இருக்கிற கிருமியும் சேர்ந்து போகும். அஸ்பராஜினேஸ், மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்துகள் போகிற ஈரலுக்கு இன்னொரு சுமையும் ஆகும்.

பச்சிலை வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் ஒன்று சொல்கிறேன். வின்கிரிஸ்டின் எடுக்கப்படுவது நம் ஊர் நித்தியகல்யாணியிலிருந்துதான். சுடுகாட்டு மல்லி என்று நாம் வாசலில் வைக்கவே தயங்குகிற அதே செடி. தென்மாவட்டங்களில் அதை வயலில் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் மருந்தாக ஏறுவது மில்லிகிராம் கணக்கு, பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள். செடியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் விஷம்.

கீரிமலைக் காற்று | ஜூன் 6, மாலை 7.30

நான் யாழ்ப்பாணம். 2014-இல் என்ரை மகளுக்கு ஐந்து வயசில இதே வருத்தம். இங்கேயிருந்து கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ராவோடு ராவாக பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனோம். எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் ஒரு சிங்களப் பெண், அவ எனக்கு ஒவ்வொரு மாத்திரையையும் கையால் காட்டி விளங்கப்படுத்தினவ. இப்ப மகள் சுகம். இரண்டு குடும்பமும் இன்னும் கதைக்கிறோம்.

அச்சகத் தம்பி, ஒண்டு மட்டும். ஸ்டீராய்டு தொடங்கி ஒரு கிழமைக்குப் பிறகு பிள்ளை வேறொரு பிள்ளையாக மாறும். என்ரை மகள் என்னை அடிச்சவ, கடிச்சவ, "அப்பா போ, எனக்கு நீ வேண்டாம்" எண்டு கத்தினவ. நான் வெளியே போய் நிண்டு அழுதனான். அது பிள்ளையில்லை, மருந்து. நிப்பாட்டி இரண்டு கிழமையில் பழைய பிள்ளை திரும்பி வந்திட்டா. பயப்பிடாதேங்கோ.

நலம்நாடி | ஜூன் 6, இரவு 9.15

சிஸ்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துச் சொல்லிவிட்டேன். எனக்கு 67 வயது, ரத்தம் கொடுக்க முடியாது. என் மகன் மதுரையில் கோரிப்பாளையத்தில் இருக்கிறான், ஓ பாசிட்டிவ், நல்ல திடகாத்திரம். பிளேட்லெட் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள் தம்பி, எந்நேரமும் அனுப்பி வைக்கிறேன்.

பி பாசிட்டிவ் | ஜூன் 7, காலை 7.20

ரத்ததானக் குழு ஒன்றில் இருக்கிறேன். ஒரே ஆளிடமிருந்து மிஷின் வைத்துப் பிளேட்லெட் மட்டும் எடுப்பதை எஸ்.டி.பி. என்பார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும், சிவப்பணு கொடுத்தவருக்கே திரும்பப் போய்விடும். 48 மணி நேரம் கழித்து அவரே மறுபடி கொடுக்கலாம். 50 கிலோவுக்கு மேல் எடை, மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், சேர்த்து வைக்க முடியாது. அதனால் இன்றைக்கே பத்துப் பேர் பெயரும் நம்பரும் எழுதி ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்போது ஒவ்வொருவராகக் கூப்பிடலாம்.

பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், ரத்த உறவுகள் கொடுக்க வேண்டாம் என்று பெரும்பாலும் சொல்வார்கள். பின்னால் ஒருவேளை மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் சிக்கல் வரும். நண்பர்கள், வேலை பார்க்கும் இடத்தில் இருப்பவர்கள்தான் சரி.

அச்சகத்தான் | ஜூன் 11, இரவு 11.05

எட்டாம் நாள். ரத்தத்தில் கெட்ட செல் நன்றாகக் குறைந்திருக்கிறது, மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். மரபணுச் சோதனையில் பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. ஐயா, உங்கள் மகன் சனிக்கிழமை வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

கீரிமலை அண்ணன் சொன்னது அப்படியே நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்கிறான். நேற்று ஆறு இட்லி, இன்னும் பசி என்று அழுகிறான். அதுவும் உப்புக் குறைத்து, ஏனென்றால் பிரஷர் ஏறுகிறது. கன்னம் உப்பிவிட்டது. அவன் அம்மாவை அவன் அடித்தபோது உங்கள் பதிவைத்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

மகள் விஷயத்தில் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் வகுப்பு போகிறாள். சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறாளாம். அழவும் இல்லை, கேட்கவும் இல்லை.

பெரியபிள்ளை | ஜூன் 12, அதிகாலை 1.40

இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் முடிவு நல்லபடியாக இல்லை. ஆனால் உங்கள் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

1991. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அவனைச் சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். என்னிடம் தம்பி ஊருக்குப் போயிருக்கான் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன், பெரியம்மா பேச்சை மாற்றினார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. கேட்டால் பெரியவர்கள் முகம் மாறுகிறது என்று புரிந்துவிட்டது. சமையல்கட்டிலும் கிணற்றடியிலும் காதில் விழுந்த வார்த்தைகளைப் பொறுக்கி நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். தம்பி எதற்கோ தண்டனையாக அனுப்பப்பட்டிருக்கிறான், அடுத்து என்னையும் அனுப்புவார்கள் என்பது அந்தக் கதை. எட்டு மாதம் அப்படி இருந்தேன். தை மாதம் அவன் போய்விட்டான். அதையும் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண்.

அந்தக் காலத்தில் மருந்து குறைவு, இன்றைக்கு உங்கள் பையனுக்கு இருக்கிற வாய்ப்பு எங்கள் தம்பிக்கு இல்லை. அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஒரே ஒரு தபால் கார்டு எழுத என்னை யாரும் விடவில்லை என்பதைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை.

மாமியார் சொல்வது பயத்தில். பேரைச் சொன்னால் நோய் வலுத்துவிடும் என்ற பயம் எங்கள் பாட்டிக்கும் இருந்தது. ஆனால் உங்கள் மகள் ஏற்கெனவே ஏதோ தெரிந்து வைத்திருக்கிறாள், அதனால்தான் கேட்காமல் இருக்கிறாள். நேரில் போங்கள். நீங்கள் சொல்வதற்கு முன்னால், அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருங்கள்.

அச்சகத்தான் | ஜூன் 14, இரவு 10.45

பெரியபிள்ளை அக்கா, இன்றைக்குப் போய் வந்தேன்.

மதியம் பஸ் ஏறி சிவகாசி போய், அவளைச் சைக்கிளில் பின்னால் வைத்துக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். தம்பிக்கு ஏன் உடம்பு சரியில்லைன்னு நீ நினைக்கிற? ரொம்ப நேரம் செருப்பு வாரைத் திருகிக்கொண்டு இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"நான்தான்பா எச்சில் மாங்காய் குடுத்தேன்."

மே மாதம் மாவடுவோ கிளிமூக்கோ, உப்பு மிளகாய்ப் பொடி தொட்டு, பாதி கடித்த துண்டை அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவனுக்கு முடியாமல் போனது அந்த வாரம். அப்புறம் நான் அம்மாச்சியிடம் போனில் சொன்னேன், அவன் பண்டம் பாத்திரத்தில் எச்சில் படக் கூடாது, எச்சில் பட்டால் ஆபத்து என்று. ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. பத்து நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து மூடி வைத்திருக்கிறது என் பிள்ளை. தன் எச்சில் யார் மேலும் படக் கூடாது என்று தம்ளரைக் கூடத் தனியாக எடுத்து வைத்துக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பேரையும் சொன்னேன். ரத்தம் எலும்புக்குள்ளே உற்பத்தியாகிறது, அங்கே சில செல்கள் கெட்டுப்போய் இடத்தை அடைத்துக்கொண்டன, அது ஒட்டுவதும் இல்லை, யாரும் கொடுத்து வருவதும் இல்லை, மாங்காயால் வராது, சண்டை போட்டதால் வராது. எச்சில் படக் கூடாது என்பது இப்போது மருந்து போவதால்தான். முடி கொட்டும், திரும்ப முளைக்கும். "செத்துப்போவானா?" என்று கேட்டாள். சாகாமல் இருக்கத்தான் இவ்வளவு மருந்து, டாக்டர்கள் நல்லாப் போகுதுன்னு சொல்றாங்க, ஏதாவது மாறினா உன்கிட்ட மறைக்க மாட்டேன் என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

திரும்பும்போது சைக்கிளில் என் முதுகில் சாய்ந்துகொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து நாலு தோசை சாப்பிட்டாள். மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தோசை ஊற்றியது அவர்தான்.

வேலூர் அக்கா | ஜூன் 15, காலை 5.50

படித்துவிட்டு என் மகளை எழுப்பிக் கட்டிக்கொண்டேன். வேறொன்றும் எழுத வரவில்லை தம்பி.

வார்டு செவிலி | ஜூன் 15, காலை 9.30

எச்சில் என்று நான்தான் எழுதினேன். இத்தனை வருஷம் சொல்லி வந்த வார்த்தை. இனிமேல் கூடப் பிறந்த பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

அவளைத் தம்பி பக்கத்தில் விடுங்கள். சளி, காய்ச்சல் இல்லாமல், கை கழுவிவிட்டு வந்தால் போதும். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

அச்சகத்தான் | ஜூன் 24, மாலை 6.15

நாலு நாளாக எழுத முடியவில்லை. டாக்டரம்மா இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று அனுமதித்ததால் 21-ஆம் தேதி சிவகாசி வந்தோம். தெர்மாமீட்டர் பொறுப்பை மகளிடம் கொடுத்திருந்தேன். 100.4 என்பதைச் சிவப்பு ஸ்கெட்ச்சால் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

ராத்திரி 2.40-க்கு என்னை உலுக்கினாள். "அப்பா, தம்பி கால் சுடுது." நாங்கள் இரண்டு பேரும் அசந்து தூங்கியிருக்கிறோம். 101.2. என் மனைவி கை தானாகவே பாரசிட்டமால் பாட்டிலுக்குப் போனது, மகள்தான் கையைப் பிடித்தாள்.

வார்டுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பதற்றத்தில் பக்கத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டோக்கன் போட்டு உட்காருங்கள், குழந்தை டாக்டர் எட்டு மணிக்குத்தான் என்றார்கள். கீமோ போகிற பிள்ளை என்று கத்தினேன், அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. இருபது நிமிஷம் அங்கேயே போய்விட்டது. அதற்குள் வார்டிலிருந்து திருப்பிக் கூப்பிட்டார்கள், எங்கேயும் நிற்காமல் நேரே இங்கே வாருங்கள் என்றார்கள். 108 வந்தது. 4.55-க்கு மதுரை. கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு எடுத்து, 5.15-க்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட்டது. கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணுவான நியூட்ரோஃபில் வெறும் 80.

நேற்று மதியத்திலிருந்து காய்ச்சல் இல்லை. இப்போது பக்கத்துக் கட்டில் பையனோடு கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

வார்டு செவிலி | ஜூன் 24, இரவு 8.00

உங்கள் மகள் கையைப் பிடித்தாளே, அவளுக்கு என் முத்தம். இனி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பையிலேயே வையுங்கள்: என்ன நோய், என்ன மருந்து, காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எந்த ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்றாலும் பேச வேண்டாம், கடிதத்தை நீட்டுங்கள்.

அச்சகத்தான் | ஜூன் 29, இரவு 9.40

கடிதம் வாங்கி லேமினேட் செய்துவிட்டேன்.

முடி தலையணையில் கொத்துக் கொத்தாக வருகிறது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடியில் மொட்டை போடுவதாக மாமியார் வேண்டியிருந்தார். கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, சவரக்கத்தியும் வைக்கக் கூடாது, கீறினால் ரத்தம் நிற்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்கு டிரிம்மர் வைத்து நானே வழித்துவிட்டேன். அவன் கண்ணாடியைப் பார்த்து, "சாமிக்கு மொட்டை" என்று தடவிப் பார்த்தான். மாமியார் ஆடி வெள்ளியில் தானே போய் முடி கொடுக்கப் போகிறாராம். எனக்கு நாக்கு தழுதழுத்துவிட்டது. இந்த மாதத்தில் முதல் தடவையாக அவர் வாயால் டாக்டரம்மாவிடம் அந்த நோயின் பேரைச் சொல்லி, "எப்ப ஆத்தா தீரும்?" என்று கேட்டார்.

பெரியபிள்ளை | ஜூன் 30, காலை 6.30

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் நேற்றுத்தான் படித்தேன், உங்களிடம் சொல்லத் தோன்றியது. உங்கள் பையனுக்கு முதுகில் ஊசியாகப் போடுகிற மெத்தோட்ரெக்சேட்டின் பின்னால் எல்லாப்ரகட சுப்பாராவ் என்பவர் இருக்கிறார். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்கா போய் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் உருவான அமினோப்டெரின் மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இந்த நோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-இல் அந்த முடிவுகள் வெளியாயின. அதற்கு முன்னால் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்க எதுவுமே இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட்.

அச்சகத்தான் | ஜூலை 14, மாலை 4.50

எட்டாம் தேதி, முப்பத்தைந்தாம் நாள், மஜ்ஜை எடுத்தார்கள். இன்று முடிவு வந்தது. எம்.ஆர்.டி. நெகடிவ். பத்தாயிரம் செல்லில் ஒன்றுக்கும் குறைவு என்று டாக்டரம்மா காகிதத்தில் எழுதிக் காட்டினார். "இது முதல் படிதான், மருந்தை நிறுத்துகிற பேச்சே கிடையாது" என்று இரண்டு தடவை சொன்னார். நல்லாயிட்டான் என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு நோய் திரும்பி வருமாம். நாங்கள் நிறுத்த மாட்டோம்.

நலம்நாடி ஐயா, உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன், அக்கா, சிஸ்டர், எல்லாரும் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒரு சந்தேகம். அடுத்த கட்டத்தில் மெர்காப்டோபியூரின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 50 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைக்கிறது, அவன் எடைக்கு ஒரு நாள் முழுசு, ஒரு நாள் பாதி என்று வருகிறது. கத்தியால் வெட்டினால் தூளாகிறது. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்றார்கள், அது சரி, உடைக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? எந்த நாள் பாதி, எந்த நாள் முழுசு என்ற குழப்பம் மட்டும் இல்லை. மகள் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் காலண்டர் தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் எழுதி வைத்துவிட்டாள். முழு நாளுக்கு முழு வட்டம், பாதி நாளுக்கு அரை வட்டம். கிழிப்பது மட்டும் இன்னும் அவன்தான்.